தலையீத்து

மாடு முதன்முதலாகக் கன்று போடுவதை எங்கள் பக்கம் தலையீத்து என்பார்கள். பெண்ணுக்கு அது தலைப்பிரசவம். பிறந்த கன்று கிடேரி என்றால் மாட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பு வரும். பிறந்த குழந்தை பெண் என்றால், "அடுத்தது ஆம்பளப் புள்ளையாப் பெத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்ல ஆள் வரும். ஆமத்தூரில் பிறந்து, கால்நடை மருத்துவம் படித்து, சிவகாசி சாலையை ஒட்டிய ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டு வரும் எனக்கு இரண்டு வீடுகளும் பழக்கம். இரண்டிலும் எடைபோடப்படுவது பெற்றவள்தான்.

ஆணை எடைபோடும் இடம் ஒன்று உண்டு. அது பந்தயக் குதிரை வளர்ப்பு. எங்கள் ஊரில் பந்தயக் குதிரை கிடையாது. சென்னையில் படித்த காலத்தில் கிண்டியில் அவற்றைப் பார்த்திருக்கிறேன். இனப்பெருக்கப் பாடத்தில் தரோபிரெட் என்ற அந்த இனத்தைப் பற்றிப் படித்தபோதுதான், ஓர் இளம் பொலிகுதிரையை எவ்வளவு நிதானமாக விசாரிக்கிறார்கள் என்று தெரிந்தது.

தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு பெண்குதிரையையும் பொலிகுதிரையிடம் நேரில் கொண்டுவர வேண்டும். சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். பிறந்த குட்டி இரண்டு வயதில்தான் பந்தயத்தில் இறங்கும். ஆக, ஒரு குதிரை பொலிக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே அதன் முதல் குட்டிகள் ஓடுவதைப் பார்க்க முடியும். அதுவரை குட்டிகளின் கால் நேராக இருக்கிறதா, தோள் எப்படிச் சாய்ந்திருக்கிறது, நடை எப்படி, தகப்பன் சாயல் எத்தனை குட்டியில் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஓடத் தொடங்கிய பிறகும் அனுபவமுள்ளவர்கள் அவசரப்பட மாட்டார்கள். முதல் ஆண்டில் புதுக் குதிரை என்ற ஆர்வத்தில் நல்ல பெண்குதிரைகளை அனுப்பியிருப்பார்கள். அப்படியென்றால் குட்டியின் வேகம் தகப்பனுடையதா, தாயுடையதா? அதே தாய்கள் வேறு பொலிகுதிரைகளுக்கு ஈன்ற குட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தீவனம், பயிற்சி, எத்தனை குட்டிகள் பந்தயம் வரை வந்தன என்பதையெல்லாம் கணக்கில் எடுப்பார்கள். முதல் குட்டிகளை வைத்துத் தூக்கிவைப்பதும் தவறு, தள்ளிவைப்பதும் தவறு என்பதுதான் அந்தத் தொழிலின் பாலபாடம்.

செக்ரடேரியட் என்ற அமெரிக்கக் குதிரையின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1973-இல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றது. அதன் இனவிருத்தி உரிமை 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அன்றைக்கு அது சாதனை. ஆனால் முதல் குட்டிகள் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. தன்னைப் போன்ற மகனைத் தராத குதிரை என்ற பேச்சு வந்தது. பிறகு அதன் மகள்களில் ஒன்றான லேடீஸ் சீக்ரெட் 1986-இல் அமெரிக்காவின் அந்த ஆண்டின் சிறந்த குதிரையாகத் தேர்வானது. இன்னும் இரண்டு மகள்களுக்குப் பிறந்த ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி என்ற பேரன்கள் பெரும்புகழ் பெற்ற பொலிகுதிரைகள் ஆயின. மகன்களிடம் தேடிய பெருமை மகள்களின் வழியே வந்தது. அது தெரியப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை அந்தக் குதிரையைக் கொட்டிலை விட்டுத் துரத்தவில்லை.

இந்த நிதானம் வியாபாரத்தில் வந்தது. கோடிக்கணக்கில் பணம் போட்டவர்களுக்கு உண்மையான காரணம் தெரிந்தாக வேண்டும். அதனால் விசாரணை நேர்மையாக நடக்கிறது.

சிகார் என்ற குதிரையையும் சொல்ல வேண்டும். 1994 முதல் 1996 வரை தொடர்ந்து 16 பந்தயங்களை வென்றது. பொலிக்கு விட்டபோது 34 பெண்குதிரைகளில் ஒன்றுகூடச் சினையாகவில்லை. பரிசோதித்தார்கள். குறை சிகாரிடம் என்று தெரிந்தது. காப்பீட்டு நிறுவனம் 2.5 கோடி டாலர் கொடுத்தது. குதிரையைக் கென்டகியில் ஒரு பூங்காவில் வைத்தார்கள். 2014-இல் இறக்கும்வரை ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த 34 குதிரைகளை யாரும் மலடி என்று சொல்லவில்லை.

என் பெரியப்பா மகனைக் கட்டிய மதினியைச் சொன்னார்கள். இதை அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். பட்டாசு ஆலையில் வேலை. போனால்தான் அன்றைய கூலி. கல்யாணமாகி இரண்டாம் வருடத்திலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, பிறகு கோயில், விரதம், பச்சிலை. ஏழு வருடம். அண்ணனை ஒரு முறை சோதித்துப் பார்க்கலாமே என்று நான் கேட்டபோது பெரியம்மா சொன்னது இது: "ஆம்பளைக்கு என்னடி சோதனை? நீ மாட்டு டாக்டரு, மாட்டப் பாரு."

மாட்டைப் பார்ப்பதால்தான் கேட்டேன். உறைவிந்துக் குச்சி எங்களிடம் வருவதற்கு முன் ஒவ்வொரு காளையின் விந்தையும் நுண்ணோக்கியில் வைத்து எண்ணிக்கையும் அசைவும் பார்த்தாக வேண்டும். சோதிக்காத காளையின் விந்து வெளியே வரவே கூடாது. எட்டாவது வருடம் அண்ணன் போனார். குறை அவரிடம். அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. அண்ணனுக்கு யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை. மதினிக்கு வைத்த பெயரை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. இன்றும் வளைகாப்பு வீடுகளில் அவர் ஓரமாகத்தான் உட்காருகிறார்.

குதிரைக்காரர்களின் சொல்வழக்கில் இன்னொரு விஷயம் என்னை நிறுத்தியது. ஒரே தகப்பனுக்கு வெவ்வேறு தாயிடம் பிறந்த குதிரைகளை அவர்கள் சகோதரர்கள் என்று சொல்வதில்லை. தாய் ஒன்றாக இருந்தால் மட்டுமே அரைச் சகோதரன். 1791-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஜெனரல் ஸ்டட் புக் என்ற வம்சாவளிப் பதிவேட்டில் குட்டிகளை எழுதியிருப்பதும் தாயின் பெயருக்குக் கீழேதான். என் வீட்டில் ஏழு தலைமுறை ஆண்களின் பெயரைச் சொல்லத் தெரிந்த பெரியப்பாவுக்கு, அவருடைய பாட்டியின் அம்மா பெயர் தெரியாது.

இதை வைத்துக் குதிரை லாயம் பெண்களுக்குச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே பெண்குதிரை வருடா வருடம் ஈன வேண்டும். சீக்கிரம் பருவத்துக்கு வர வேண்டுமென்று குளிர்காலத்தில் கொட்டிலில் இரவிலும் விளக்கு எரிப்பார்கள். சினை பிடிக்காத வருடம் அவள் கணக்கில் வெறும் வருடமாக ஏறும். பெயர் எழுதப்படுவது மரியாதைக்காக இல்லை, அவள் சொத்து என்பதால். அந்தத் தராசில் பெண்ணையும் நியாயமாக நிறுக்கச் சொல்வது என் கோரிக்கை அல்ல. பெண்ணைத் தராசிலேயே ஏற்றக் கூடாது.

ஆனாலும் நிறுத்துக்கொண்டிருக்கும்வரை கணக்காவது சரியாக இருக்கட்டும். குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது ஆணின் விந்தணு. 1905-இல் மாவுப்புழுக்களை ஆராய்ந்து இதற்குக் காரணமான குரோமோசோமைக் காட்டிய நெட்டி ஸ்டீவன்ஸ் ஒரு பெண். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. ஆனால் பெண் கன்று மட்டும் பிறக்கப் பிரித்தெடுத்த விந்து ஊசி வந்துவிட்டது. எனக்குப் போன் செய்து "பொட்டக்கன்னு ஊசி இருக்கா டாக்டரம்மா?" என்று கேட்கிறார்கள். அது விந்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதை மாட்டு விஷயத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

நான் ஊசி போட்டு முடித்துக் கை கழுவும்போது சில பெண்கள் மெல்லக் கேட்பார்கள், மகளைப் பற்றி, மருமகளைப் பற்றி. கல்யாணமாகி மூணு வருசமாச்சு, எந்த டாக்டரிடம் காட்டலாம் என்று. நல்ல டாக்டர் பெயரைச் சொல்வேன். கூடவே இன்னொன்றும் சொல்வேன்: "முதல்ல மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்கக்கா. ஒரே சோதனைதான். செலவும் கம்மி, அரை நாள்ல முடிஞ்சிரும்."