பற்றும் விடுதலும்

நோயின் பெயரை அறியுமுன் மருந்தைத் தேடி ஓடுவது நம்மில் பலர்க்கு இயல்பு. அவ்வியல்பை என்னிடமிருந்து நீக்கியது ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச்.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்த என் தந்தையார் 1958இல் வாங்கிய பி.எஸ்.ஏ. பேண்டம் அது. 1948இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவாகத் தொடங்கிய அவ்வண்டி, போர் இழப்பீடாகப் பெறப்பட்ட ஜெர்மானிய டி.கே.டபிள்யூ. அமைப்பைத் தழுவியது. 123 சி.சி. இயந்திரம், மூன்றே கியர்கள். செம்மண் பாதையில் அவரைச் சுமந்த அவ்வண்டி, அவர் மறைந்தபின் பல்லாண்டு கொட்டகையில் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான் தம்பி. தாயார் ஒன்றும் பேசவில்லை; ஆயினும், வண்டியைப் போர்த்திய துணியை மாதந்தோறும் துவைத்துப் போர்த்தி வந்தார். எனவே, தம்பியிடம் ஒரு மாதத் தவணை கேட்டேன்.

இயந்திரம் உயிர்பெற்றது. ஆனால், கிளட்ச் கைப்பிடியை அழுத்தியவாறே முதல் கியரில் இட்டதும் வண்டி முன்னே துள்ளி நின்றுபோயிற்று.

கிளட்சின் நோய் இருவகைப்படும். இயந்திரம் இரைந்து சுழன்றும் வண்டி விரையாவிடில், தகடுகள் வழுக்குகின்றன. கைப்பிடியை அழுத்திய பின்னும் வண்டி இழுத்தால், தகடுகள் பிரிய மறுக்கின்றன. எங்கள் வண்டிக்குற்றது இரண்டாவது நோய்.

எளியதிலிருந்து தொடங்கினேன். கைப்பிடியில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தளர்வு இருத்தல் வேண்டும். தளர்வே இல்லையெனில் கிளட்ச் வழுக்கும். மிகுந்தால் முழுதும் பிரியாது. துருவேறிய கம்பியை மாற்றித் தளர்வைச் சரிசெய்தும் குறை நீங்கவில்லை. பின்னர், கியரில் இட்டுக் கைப்பிடியை இறுகக் கட்டி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளினேன். சக்கரத்தோடு இயந்திரமும் சேர்ந்தே திமிறிற்று. தகடுகள் ஒட்டியிருப்பது உறுதியாயிற்று.

பழைய எண்ணெயை வடித்து மூடியைத் திறந்தேன். தக்கை பதித்த தகடுகள், கெட்டிப்பட்ட எண்ணெயால் எஃகுத் தகடுகளைப் பற்றிக் கிடந்தன. எஃகுத் தகடுகளைத் துடைத்துக் கண்ணாடிமேல் வைத்து, வளைவு இல்லை எனக் கண்டேன். தேய்ந்த தக்கைகளை நீக்கிப் புதியவற்றைப் பதித்து, ஓரிரவு எண்ணெயில் ஊறவைத்தேன். தகட்டின் நாக்குகள் உராய்ந்து கூடையின் விளிம்பில் தழும்புகள் விழுந்திருந்தன. அவற்றில் சிக்கும் தகடு நகராது. ஆகவே, அரத்தால் மெல்ல ராவிச் சமன்செய்தேன்.

முதலில் ஓட்டிப் பார்த்தவன் தம்பிதான். அதன்பின் இரும்புக்கடைப் பேச்சை அவன் எடுத்ததில்லை.

வகுப்பறையிலும் இவ்விரு குறைகளையும் காண்கிறோம். ஆசிரியர் உரத்துக் கற்பித்தும் மாணவன் நகராவிடில், அங்கே பிடிப்பு இல்லை. கற்ற பின்னும் ஆசிரியர் சொல்லையே திருப்பிச் சொல்லித் தன் சொல்லில் ஒரு வரி எழுத இயலாதிருந்தால், நாம் இன்னும் விடவில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றன்று.