புதுப்பட்டினத்தில் மூன்று வால்வு

மாமல்லபுரத்தில் பாதி பஸ் காலியாகிவிடும். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு என்று கேமரா ஆசாமிகள் இறங்கிவிட, அதற்குத் தெற்கே போகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் புதுப்பட்டினம். ஒரு பக்கம் கல்பாக்கம் அணுமின் நிலையம். இன்னொரு பக்கம் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, நம் நெசவாளர்களின் துணியைக் கப்பலேற்றிய ஊர். 1782-ல் பிரெஞ்சு, பிரிட்டிஷ் கப்பல்கள் இந்தக் கடலில்தான் மோதிக்கொண்டன.

கோட்டைக்குள் கல்லறைகளும் கிடங்குகளும் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர்கள் மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, ரகம் பிரித்துத்தான் விலை போடுவார்களாம். ரகம் பிரிக்கிற தலைவலி எனக்குப் புதுப்பட்டினத்தில் ஒரு நண்பர் வீட்டிலும் காத்திருந்தது. அங்கே துணி இல்லை, வால்வு!

நண்பர் ஓய்வு பெற்றவர். நாகஸ்வர எல்.பி.க்கள் அடுக்கடுக்காக வைத்திருக்கிறார். வால்வு ப்ரீ ஆம்ப்ளிஃபயர். தட்டைச் சுழல விட்டால் ராகத்துக்கு முன்னால் 'உஸ்ஸ்ஸ்...'

"கடல் சத்தமா சார்?" என்றேன்.

"கடலை நிறுத்த முடியாது. வால்வை மாத்தலாம்" என்று விலைப் பட்டியலை நீட்டினார். ஒரே ஈ.சி.சி. 83 வால்வுக்கு ஐந்து விலை! சாதா, குறைந்த இரைச்சல், பேலன்ஸ் பார்த்தது, தங்கமுலாம் கால், விற்காமல் தங்கிப்போன பழைய சரக்கு. எல்லாவற்றிலும் உசத்தியை வாங்கினால் பென்ஷன் காலி.

"எது எங்கே உட்காரப் போகுதுன்னு முதல்ல பாருங்க" என்று மூடியைக் கழற்றினார். உள்ளே மூன்று வால்வு.

முதல் வால்வுக்கு ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அங்கே எழும் இரைச்சலும் சேர்ந்து பெருகிவிடும். தட்டினால் 'டிங்' என்று ஸ்பீக்கரில் கேட்கிற வால்வும் அங்கே ஆகாது. எனவே காசு கொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

ஈ.சி.சி. 83 கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு, இரட்டைப் பிள்ளை மாதிரி. இவர் செட்டில் ஒன்று இடது காதுக்கு, மற்றது வலதுக்கு. இரண்டும் சமமாகப் பெருக்காவிட்டால் நாகஸ்வரம் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். அதனால் முதல் இரண்டு வால்வுக்கும் பேலன்ஸ் வேண்டும்.

மூன்றாவது ஈ.சி.சி. 82. அது கேத்தோடு ஃபாலோயர். பெருக்குவதே இல்லை, சிக்னலை வெளியே அனுப்பும் வேலை மட்டும். "இந்த வேலைக்காரனுக்கு எதுக்கு ஸ்பெஷல் சம்பளம்? சாதாவே போதும்."

"தங்கக் கால்? உப்புக் காத்து ஊராச்சே!"

"காலுக்குத் தங்கம் போட்டா சாக்கெட்டுக்கு யார் போடறது? அதுவும்தானே கறுக்கும்! அப்பப்ப சுத்தம் பண்ணினாப் போதும்."

பழைய சரக்கு விஷயம் தனி. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வால்வு செய்தது. ஹாலந்தின் பிலிப்ஸ், இங்கிலாந்தின் முல்லார்டு வால்வுகளுக்கு இன்றும் கிராக்கி. ஆனால் அட்டைப் பெட்டியும் அச்சும் சாட்சி ஆகாது. எழுத்தை அழித்து வேறு பெயர் அச்சடிக்கிற கில்லாடிகள் உண்டு. இரண்டு ட்ரையோடுக்கும் தனித்தனியாகச் சோதித்த அளவு கேட்க வேண்டும். கண்ணாடி உச்சியில் வெள்ளி போலப் பளபளக்கும் பூச்சு பால் மாதிரி வெளுத்திருந்தால், உள்ளே காற்று போய்விட்டது என்று அர்த்தம். எந்த ரகமானாலும் குப்பைக்கூடைதான்.

கணக்குப் போட்டோம். எல்லாமே உசத்தி வாங்குவதைவிட பாதிக்கும் குறைவாக வந்தது. சார் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "மிச்சப் பணத்துக்கு இன்னும் நாலு தட்டு வாங்கிடப் போறார். கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க தம்பி!"