கடி மன்னன் காளமேகம்!

கிளாஸில் கடி ஜோக் அடித்துத் திட்டு வாங்குகிற பார்ட்டியா நீங்க? கை கொடுங்க பாஸ்! நம்ம பரம்பரை ரொம்பப் பெரிசு. 15-ம் நூற்றாண்டிலேயே ஒருத்தர் இதை வைத்துப் பேர் வாங்கியிருக்கிறார். காளமேகப் புலவர்!

ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் சமையல் வேலை. திருவானைக்கா கோயிலில் ஆடிய மோகனாங்கி மேல் காதல். அவருக்காக வைணவத்திலிருந்து சைவத்துக்கே மாறினார், அங்கேதான் கவிஞரும் ஆனார் என்று கதை சொல்வார்கள்.

பாம்பும் வாழைப்பழமும் ஒண்ணுதான் என்று அவர் பேரில் ஒரு வெண்பா இருக்கு. எப்படி? ரெண்டுக்கும் தோல் உரியும். பல் பட்டால் போச்சு! அங்கே கடிபட்டவர் காலி, இங்கே கடிபட்ட பழம் காலி. இன்னொரு பாட்டு முழுக்க 'த' வரிசை எழுத்து மட்டும். பிரான்ஸில் ழார்ழ் பெரெக் என்பவர், ஏ, பி, சி, டி-யில் வரும் 'ஈ' எழுத்தையே தொடாமல் ஒரு முழு நாவல் எழுதியது 1969-ல்தான்!

எனக்குப் பிடித்தது நாகப்பட்டினம் கதை. காத்தான் சத்திரத்தில் சாப்பாடு வர ஏக லேட். இங்கே இலையில் சோறு விழுவதற்குள் விடிந்துவிடும் என்று கிண்டலாகப் பாடிவிட்டார். சத்திரக்காரர் பதறிப்போய்க் கெஞ்ச, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாக வேறு அர்த்தம் சொன்னாராம். கையில் காசில்லை, பதவியில்லை. தமிழ் மட்டும்தான் இருந்தது.

கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு இது பழைய கதையாகத் தெரியலை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்து வந்த பசங்க மெஸ் வரிசையில் நின்றால் நிமிஷத்துக்கு ஒரு கடி. அதே பசங்க குரூப் டிஸ்கஷனில் உட்கார்ந்தால் கப்சிப். 'நமக்கெல்லாம் பேச வராதுடா' என்று அவங்களே முடிவு கட்டிட்டாங்க. நானும் அந்த செட்தான்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு வார்த்தைக்குள்ளே ஒளிந்திருக்கிற இன்னொரு வார்த்தையைச் சட்டென்று பிடிக்கிற மூளைக்கா பேச வராது? இங்கிலீஷ் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். அதைக் கத்துக்கலாம். டைமிங்கைத்தான் எந்த கோச்சிங் கிளாஸும் சொல்லித் தராது. அது நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு.

அதனால, 'தாங்க முடியலடா' என்று யாராவது காதைப் பொத்தினால் விடாதீங்க. அடிங்க இன்னொண்ணு!