புளியங்கொட்டையும் தோரியமும்

தமிழ் கற்பிப்பவனுக்குக் கதிரியக்கத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் வியக்கலாம். கோடை விடுமுறையில் மணவாளக்குறிச்சியில் அண்ணன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பத்தாம் வகுப்பு செல்லவிருக்கும் அவர் மகள், அணுக்கரு இயற்பியல் பாடத்தை மூடிவைத்துவிட்டு, "சித்தப்பா, ஆச்சிக்குப் புற்றுநோய் வந்தது இந்த மண்ணாலயா?" என்றாள். அவளுக்கு ஆச்சி, எனக்கு அம்மா.

அவ்வூர்க் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு. அதில் தோரியம் உண்டு. பாடநூலில் வரையறைகள் இருந்தன. அவள் கேள்விக்கு விடை இல்லை. எனக்குத் தெரிந்தது சொல் மட்டுமே. கதிரியக்கம் பொருளின் இயல்பு, கதிர்வீச்சு அதிலிருந்து வெளிப்படுவது. விளக்கும் வெளிச்சமும் போல. அங்கிருந்தே தொடங்கினேன்.

அன்று கைக்கெட்டிய கருவி, தாயம் ஆட ஒருபுறம் தேய்த்து வைத்திருந்த புளியங்கொட்டைகள். நூறு கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, வெள்ளை விழுந்தவற்றை விலக்கினோம். எஞ்சியவற்றை மீண்டும் குலுக்கினோம். அடுத்து எது விலகும் என்று சொல்ல இயலாது. ஏறக்குறைய எத்தனை விலகும் என்று சொல்லலாம். (சரிபாதி வேண்டுமாயின் நாணயமே மேல். தேய்த்த கொட்டை நடுநிலை தவறியது!) தோரியம்-232 பாதியாகச் சிதைய ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள் ஆகும் என்றதும், "அவ்வளவு மெதுவாவா?" என்று நிமிர்ந்தாள்.

கணினி இருக்கும் பள்ளிகளுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்விளக்கங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் நான் முதலிடம் தருவது முகிலறைக்கு. வில்சனுக்கு 1927இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த கருவி அது. அதன் எளிய வடிவத்திற்குக் கண்ணாடிப் பெட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்ககால், உலர்பனி, நல்ல ஒளி போதும். கண்ணுக்குத் தெரியாத துகள் சென்ற தடம் வெண்ணிழையாகத் தோன்றும். உலர்பனியை வெறுங்கையால் தொடலாகாது. ஆல்ககால் எளிதில் தீப்பற்றும். ஆசிரியர் உடனிருந்தே தீரவேண்டும். மேரி கியூரியின் வாழ்க்கையையும் வகுப்பில் சொல்லலாம். அவருடைய குறிப்பேடுகளில் கதிரியக்கம் இன்னும் நீங்கவில்லை என்பது, வரையறைகளைக் காட்டிலும் ஆழமாகப் பதியும்.

அவள் கேள்விக்கு அருகில் வரக்கூடிய ஆய்வு ஒன்று உண்டு. மோனசைட் மணல் மிகுந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கைக் கதிர்வீச்சினால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவரவில்லை. அதைச் சொன்னேன். ஆபத்தே இல்லை என்பதற்கு அது முழுச் சான்று ஆகாது என்பதையும் சொன்னேன்.

"அப்ப ஆச்சிக்கு ஏன் வந்தது?"

"தெரியாதும்மா" என்றேன்.

சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, விலக்கிவைத்த கொட்டைகளை எண்ணத் தொடங்கினாள்.