பறவை எதைப் பார்க்கிறது?

பாலைவனத்தில் பறவை ஏது என்று எம்மவர் பலர் கேட்பதுண்டு. ஐக்கிய அரபு இராச்சியத்திலே பல்லாண்டு வேலை செய்து திரும்பியவர்கள்கூட வெயிலையும் விசாவையும் பற்றிப் பேசுவார்களே தவிர, அங்கே ஆகாயத்தை அண்ணாந்து பார்த்ததாகச் சொல்வதில்லை. நாமும் அப்படித்தான் இருந்தோம். 2011ஆம் ஆண்டில் எமது அறையிலிருந்த ஒருவர் நாடு திரும்பும்போது தமது பழைய கமராவையும் நீண்ட லென்ஸையும் பாதி விலைக்கு எம்மிடம் தள்ளிவிட்டுப் போனார். மூவர் பங்கு போட்டு வாங்கினோம். அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் எமக்கு உறக்கமில்லை. (அந்நாளில் அங்கு வெள்ளியே விடுமுறை, 2022இலேதான் சனி, ஞாயிறு என்று மாறியது.)

முதலில் போன இடம் டுபாய்க் கடற்கழியின் தலைப்பிலுள்ள ராஸ் அல் கோர். 2007இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம் அது. சனங்கள் பூநாரைகளைக் காணவே வருவார்கள். எமது கண்ணோ அப்பூநாரைகளைக் கலக்கும் வேட்டைப் பறவைகளிலேயே இருந்தது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பெரும்புள்ளிக் கழுகு கண்டல் மரங்களின் மேல் மணிக்கணக்காக அசையாதிருக்கும். அது எழுந்தால் சேற்றில் மேயும் பறவைகள் அனைத்தும் ஒருசேர எழும். கழிமுகம் முழுவதும் சிறகடிப்பாகிவிடும். அந்தக் கணத்திற்காகவே மறைவுக் குடிலில் குந்தியிருந்தோம்.

எடுத்த படங்கள் யாவும் எமக்கு அழகாகவே தோன்றின. ஊருக்கு அனுப்பினால் அங்கிருந்தும் புகழ்ச்சியே வரும். எம்மவரிடம் இது ஒரு குறை: பிள்ளையின் பாட்டாயினும் நண்பரின் கவிதையாயினும் முகத்துக்கு முன்னே பிழை சொல்லமாட்டோம். எமக்குப் பிழை சொல்ல ஒருவர் கிடைத்தார். யாழ்ப்பாணத்தில் ஸ்ரூடியோ நடத்தி, இடம்பெயர்ந்து, டெய்ராவில் ஒரு படக்கடையில் வேலை செய்த பெரியவர். கணினித் திரையில் எல்லாப் படமும் வடிவுதான் என்று சொல்லி, அச்சிட்ட பிரதியையே கையில் வாங்குவார். மேசை விளக்கின் கீழ் வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நெடுநேரம் பேசாதிருப்பார். அந்த மௌனம் எமக்குப் பரீட்சை மண்டபம்.

"இது கழுகோ, கரித்துண்டோ?" என்பதே அவரது முதல் தீர்ப்பு. வெளிறிய வானத்தின் முன்னே கரும்பறவையைப் பிடிக்கும்போது கமரா வானத்தின் வெளிச்சத்தையே கணக்கில் எடுத்துக்கொள்கிறது, பறவை இருண்டுபோகிறது. வெளிச்சத்தை ஒருபடி கூட்டி எடுக்கப் பழக்கினார். வெயிலேறியபின் சேற்றுநிலத்திலிருந்து கானல் கிளம்பிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் அதனூடாகக் கூர்மையாகப் பார்க்காது. காலையில் சூரியன் தாழ நிற்கையில் வெண்மணலில் பட்டு மேலெழும் ஒளிதான் இறக்கையின் அடிப்புறத்தைக் காட்டும். பறவை பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்புமாதலால், காற்றும் வெயிலும் எமது முதுகிலே படும்படி நிற்க வேண்டும். இவற்றை அவர் ஒருநாளில் சொல்லித் தரவில்லை. வாரம் ஒரு பிழையாக, கிழித்தெறியாத குறையாகச் சொன்னார்.

எம்மில் ஒருவர் பாலையில் தாழப் பறந்த இராசாளி ஒன்றை அற்புதமாக எடுத்திருந்தார். காட்டு இராசாளி என்று பெருமையோடு நீட்டினார். பெரியவர் விரலை அதன் காலில் வைத்தார். தோல்வார் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது! வளர்ப்பவர் கையிலிருந்து தப்பிய பறவை அது. இராசாளி வளர்ப்பு அந்நாட்டவரின் தொன்மையான கலை. 2010இல் யுனெஸ்கோவும் அதை மரபுரிமையாக ஏற்றது. வேட்டைப் பருவம் முடிந்தபின் இராசாளிகளைக் காட்டுக்கே விடும் திட்டமொன்றும் ஷேக் சாயித் பெயரில் 1995 முதல் நடக்கிறது. ஆனால் வார் கட்டிய காலைக் காணாமல் கண்ணை மட்டும் கண்டவர்கள் நாம்.

இனி, சொல்லத் தயங்கிய விடயத்துக்கு வருகிறோம்.

வளைகுடாத் தீவுகளில் விராலடிப்பான் கூடு கட்டுகிறது. மீனையே உண்ணும் பெரும் பறவை. உயர்ந்த மரங்கள் இல்லாத இடமாகையால் தரையிலேயே கட்டைகளையும் கரையொதுங்கிய கயிறுகளையும் குவித்து, குளிர்காலத்தில் முட்டையிடும். 2012 மாசி மாதத்தில் ஒரு படகுக்காரரைப் பிடித்து அத்தகைய மணல்திட்டு ஒன்றுக்குப் போனோம். (அதன் பெயரை எழுதுவது முறையன்று.) பறவை எமது தலைக்கு மேலே வந்து இறக்கை விரித்து நின்றது. நகங்கள், மஞ்சள் விழி, திறந்த அலகு, அடிச்சிறகில் மணலின் ஒளி, எல்லாம் ஒரே சட்டத்துள். போட்டிக்கு அனுப்புவதென்று அன்றிரவே முடிவாயிற்று.

பெரியவர் படத்தை வாங்கினார். வழமையைவிட நெடுநேரம் பார்த்தார்.

"தம்பிமார், படத்தில பிழையில்லை. பறவை என்னத்தைப் பார்க்குது?"

"எங்களைத்தான், அண்ணை."

"வாய் ஏன் திறந்திருக்கு?"

நாம் பேசவில்லை.

"எவ்வளவு நேரம் நின்டனீங்கள்?"

"முக்கால் மணித்தியாலம் இருக்கும்."

"அவ்வளவு நேரமும் முட்டையில ஆர் இருந்தது?"

மத்தியான வெயில். திறந்த மணல். சுற்றிலும் கடற்காகங்கள். நாம் படமெடுத்த முகம் வேட்டைப் பறவையின் வீரமுகம் அன்று. வீட்டை விட்டு எழுப்பப்பட்டதன் முகம். அதை அடையாளம் காண எமக்கு இன்னொருவர் சொல்லவேண்டியிருந்தது என்பதே இன்றும் உறுத்துகிறது.

அந்த முட்டைகள் பொரித்தனவா என்று பார்க்கப் போகவில்லை. போவதும் அதே பிழையாகும். படத்தைப் போட்டிக்கு அனுப்பவுமில்லை.

அடுத்த ஆண்டு கரையிலிருந்தே, கூடுள்ள இடங்களை விட்டு விலகி, மீன் பிடிக்க வரும் விராலடிப்பானுக்காக ஐந்து வெள்ளிக்கிழமைகள் காத்திருந்தோம். கிடைத்தது ஒரு படம். பறவை சிறிதாக, தண்ணீரையே பார்த்தபடி, காலில் மீனோடு போகிறது. பெரியவரிடம் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"இது தன்ர வேலையைப் பார்க்குது," என்றார். பிறகு படத்தைச் சற்றுத் திருப்பிப் பிடித்து, "ஆனால் கடல் ஒருபக்கம் சரிஞ்சு கிடக்கு," என்றார்.