சப்போர்ட் வண்டியில் ஒரு படகு அடுப்பு

ஜூலை 7, திங்கள், திருச்செங்கோடு

வடக்கே மழை பிடித்துவிட்டது. மத்தியப் பிரதேசம் போயிருந்த எங்கள் போர்வெல் ரிக்கும், பைப்புகளைச் சுமந்து அதன் பின்னாலேயே ஓடும் சப்போர்ட் லாரியும் நேற்று ராத்திரி பட்டறைக்கு வந்து சேர்ந்தன. ஆனி, ஆடியில் இந்த ஊர் இப்படித்தான் இருக்கும். ஊரைச் சுற்றி எந்தப் பட்டறையைப் பார்த்தாலும் வெளிமாநிலப் புழுதியோடு ஒரு போர்வெல் வண்டி நிற்கும். ஹேமரைக் கழற்றுவார்கள், கம்ப்ரசருக்கு ஆயில் மாற்றுவார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் அத்தனை பேருக்கும் சோறு போட்ட அடுப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சமையல்கார அண்ணன் வண்டியை விட்டு இறங்கியதும் அதைப் பற்றித்தான் பேசினார். "ஏனுங்க தம்பி, அந்த அவன் அடுப்பு பத்தவே மாட்டேங்குதுங்க. மேலடுப்பு பத்துது, திருகுல இருந்து கையை எடுத்தா அணைஞ்சு போகுது. அணையாம நின்னா சட்டியெல்லாம் கரி."

இந்த அடுப்புக்கு ஒரு கதை உண்டு. சில வருஷம் முன்பு குஜராத்தில் போர் போடப் போன வண்டி, பாவ்நகர் பக்கத்து அலங் கடற்கரை வழியாகத் திரும்பியது. 1983 முதல் உலகத்துப் பழைய கப்பல்கள் உடைபடுகிற இடம் அது. கப்பலிலிருந்து கழற்றிய கட்டில், கண்ணாடி, பாத்திரம், சமையல் சாமான் எல்லாம் சாலையோரக் கடைகளில் விற்பனைக்குக் கிடக்கும். மேலே இரண்டு பர்னர், கீழே அவன் என்றிருந்த ஒரு கேஸ் அடுப்பை எங்கள் ஆட்கள் அங்கே வாங்கி வந்தார்கள். சின்னப் படகில் இருந்தது என்றாராம் கடைக்காரர். நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது. படகு சாயும்போது அடுப்பு சாயாமல் இருக்க, இரு பக்கமும் தொங்கவிடும் சுழல் முளைகள் இருக்கின்றன. பாத்திரம் நகராமல் பிடிக்க மேலே கம்பிகள். வண்டியில் வேலை செய்யும் சத்தீஸ்கர் பையன்களுக்கு ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை கோழி என்று நன்றாகவே உழைத்த அடுப்பு.

ஜூலை 8, செவ்வாய்

அடுப்பு கெட்டால் எல்லோரும் முதலில் பர்னரைத்தான் கழற்றுகிறார்கள். நான் சிலிண்டரில் தொடங்கி, கேஸ் போகிற வழியிலேயே போவேன்.

சிலிண்டர் நன்றாக இருக்கிறது. கழுத்துத் தகட்டில் "டி 27" என்று அடித்திருக்கிறது. ஏ, பி, சி, டி என்பவை வருஷத்தின் நான்கு காலாண்டுகள். ஆக, இதற்கு அடுத்த சோதனை 2027 டிசம்பருக்குள். ரெகுலேட்டரைப் பார்த்ததும்தான் திகைத்தேன். வீட்டு அடுப்புக்கான சின்ன ரெகுலேட்டர் இல்லை. கல்யாண மண்டபத்துப் பட்டி அடுப்புக்குப் போடுகிற, திருகித் திருகிக் கூட்டுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டர்.

அண்ணனிடம் கேட்டேன். "அமர்கண்டக் பக்கம் தை மாசக் குளிருங்க. காலைல தீ நூல் மாதிரி எரிஞ்சுது. அங்க ஒருத்தர் இதை மாட்டிவிட்டார். அப்புறம் ஜோரா எரிஞ்சுதுங்க."

குளிரில் தீ சிறுத்ததற்குக் காரணம் ரெகுலேட்டர் அல்ல. நம் எல்.பி.ஜி.யில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பியூட்டேன் கொதிப்பது ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில். பெரிய தீ வைத்து எடுக்க எடுக்க, புரோப்பேன் முதலில் கூடுதலாகப் போய்விடும். பியூட்டேன் அடியில் தங்கும். திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையும் இழப்பதால் சிலிண்டர் இன்னும் குளிரும். வெளியே 5 டிகிரி இருக்கிற காலையில் அழுத்தம் விழத்தான் செய்யும். இரண்டு சிலிண்டரைச் சேர்த்து இணைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் பாதிப் பாதி எடுப்பதுதான் இதற்கு வழி. சிலிண்டரைத் தீயில் காட்டுவது உயிருக்கு உலை.

அடுப்பின் பின்தகட்டில் 28-30 மில்லிபார் என்று இன்னும் படிக்க முடிகிறது. நம் வீட்டு ரெகுலேட்டர் தருவதும் சுமார் 30 மில்லிபார்தான். அந்த விதத்தில் படகுக்காரன் அடுப்பும் நம் சமையலறையும் ஒரே சாதி. அழுத்தம் நான்கு மடங்கானால் ஜெட் வழியாகப் போகும் கேஸ் இரண்டு மடங்காகும். அதற்கு ஈடான காற்றைக் குழாயால் இழுக்க முடியாது. அரைகுறையாக எரிகிற கேஸ் மஞ்சளாகி, கரியாகி, சட்டியில் அப்பும். கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் அதோடு வரும். குளிர்காய்வதற்கு அடுப்பை எரியவிட்டுக் கதவடைத்துத் தூங்குகிற பழக்கம் வடக்கே போகும் வண்டிகளில் உண்டு. அந்தப் பழக்கத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

ரெகுலேட்டரை மாற்றியாயிற்று. சிலிண்டர் பெட்டியின் தகர ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் குழாய் தேய்ந்து, வெடிப்பு விட்டிருந்தது. நிற்கிற வீட்டில் வராத தேய்மானம் இது. உள்ளே கம்பிப் பின்னல் வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாய் போட்டு, ஓட்டையின் விளிம்புக்கு ரப்பர் வளையம் வைத்தேன். குழாயில் அச்சிட்டிருக்கும் வருஷத்திலிருந்து ஐந்து வருஷம்தான் கணக்கு.

ஜூலை 9, புதன்

இன்று பர்னர்கள். மேல் ஜெட் இரண்டிலும் வெள்ளைப் பொடி. போர் போடும்போது கம்ப்ரசர் காற்று குழியிலிருந்து கல்லை மாவாக்கி வெளியே தள்ளும். அந்த மாவு போகாத இடம் கிடையாது. ஊசி எடுத்த பட்டறைப் பையனைத் தடுத்தேன். ஜெட் பித்தளை, ஊசி இரும்பு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை அது. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடிப்போகும். பிறகு எந்த ரெகுலேட்டர் போட்டாலும் கரிதான். கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சீமாற்றுக் குச்சியால் நீவி, கம்ப்ரசர் காற்றில் ஊதினால் போதும்.

அவன் பற்றாததற்குக் காரணம் வேறு. பர்னர் குழாயின் காற்று வாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கரிக்குப் பயந்து அண்ணன் சில மாதமாக அவனைத் தொடாமல் விட்டதில் குளவிக்கு இடம் கிடைத்திருக்கிறது. சின்னத் துளையும் இருட்டும் கிடைத்தால் பூச்சிகள் விடுமா? 2011இல் அமெரிக்காவில் மஸ்டா கம்பெனி ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததே, எரிபொருள் ஆவிக் குழாயில் ஒரு வகைச் சிலந்தி வலை கட்டியதற்காகத்தான். கூட்டை எடுத்துவிட்டுக் காற்று வாயில் கம்பி வலை கட்டினேன். வலைக் கண் மிகச் சின்னதாக இருந்தால் அதுவே புழுதியில் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் பெரிய கண்ணே நல்லது.

ஜூலை 10, வியாழன்

கையை எடுத்தால் அணைவது தெர்மோகப்பிள் வேலை. தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் செம்பு நிறக் குச்சியில் இரண்டு வேறு உலோகங்கள் சேர்ந்திருக்கின்றன. சேருமிடம் சூடானால் சிறு மின்சாரம் பிறக்கும். 1821இல் சீபெக் கண்டது. அந்த மின்சாரம் ஒரு குட்டிக் காந்தத்தைப் பிடித்து, கேஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கும். காற்றில் தீ அணைந்தால் குச்சி ஆறும், காந்தம் விடும், கேஸ் தானே நிற்கும். நம் வீட்டு அடுப்புகள் பலவற்றில் இல்லாத காவல் இது.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மேலடுப்பு ஒன்றில், கரியைத் துடைத்து, நடுக்கத்தில் தளர்ந்திருந்த மரையைக் கையால் இறுக்கிக் கால் திருகு கூட்டியதும் 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டியது; நின்று எரிகிறது. மற்ற அடுப்பிலும் அவனிலும் 10ஐத் தாண்டவில்லை. நாமக்கல்லில் பேக்கரி அவன் பழுது பார்ப்பவரிடம் பொருந்துகிற தெர்மோகப்பிள் கிடைத்தது. நீளமும் மரையும் ஒத்துப்போனால் படகென்ன, பேக்கரியென்ன? "காந்தத்தைக் கம்பி வெச்சுக் கட்டி, தொறந்தே இருக்கற மாதிரி பண்ணிக் குடுங்கன்னு கேக்கறவங்களும் வர்றாங்கண்ணா" என்றார் அவர். அப்படிச் செய்வதற்கு அடுப்பைப் பழைய இரும்புக்கே போட்டுவிடலாம்.

ஜூலை 12, சனி

அவன் கதவைச் சுற்றியுள்ள கயிறு நார் நாராகப் பிரிந்திருக்கிறது. பிய்த்து எறியப் போன பையனை நிறுத்தினேன். பழைய கப்பல் சாமான்களில் ஆஸ்பெஸ்டாஸ் சாதாரணம். புதிதாகப் பொருத்தக் கூடாது என்ற சர்வதேச விதி முழுமையாக வந்ததே 2011இல்தான். இது எந்தக் காலத்து அடுப்போ! தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தைக் கட்டிக்கொண்டு எடுத்து, இரட்டைப் பையில் போட்டு இறுகக் கட்டினேன். சேலம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளின் பாய்லர் கதவுக்குப் போடுகிற கண்ணாடி இழைக் கயிறு இதற்கும் பொருந்தியது.

ஜூலை 13, ஞாயிறு

குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். எங்கும் குமிழி இல்லை. மூக்கை மட்டும் நம்பக் கூடாது. கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளை நாம்தான் சேர்க்கிறோம். 1937இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் வாசனையில்லாத கேஸ் கசிந்து வெடித்து, 290க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், இறந்த பிறகு கட்டாயமான ஏற்பாடு அது. ஆனால் நாளெல்லாம் டீசல் புகையில் நிற்கும் மூக்குக்கு மெர்கேப்டன் உறைக்காது.

மத்தியானம் அவன் எரிந்தது. நீலத் தீ, கரி இல்லை. அண்ணன் கோழி வைத்தார். தெர்மோஸ்டாட் மட்டும் எண்ணுக்குச் சரியாக நிற்கவில்லை; தனியாக ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

கடைசி வேலை, எல்லாவற்றிலும் பெரிய வேலை: சிலிண்டர் பெட்டி. மூன்று பக்கமும் அடியும் அடைத்த தகரப் பெட்டி, பக்கத்திலேயே பேட்டரி. எல்.பி.ஜி. காற்றை விட ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி இறங்கித் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். படகுகளில் சிலிண்டர் பெட்டியின் அடியில் துளை வைத்து, அதைப் படகுக்கு வெளியே திறந்துவிடுவது விதி. இல்லாவிட்டால் படகின் அடிவயிறு முழுக்க கேஸ் நிற்கும். அடுப்பை வாங்கி வந்த நாம் அந்த விதியை வாங்கி வரவில்லை. இன்று பெட்டியின் அடியில் துளைகள் போட்டு, பேட்டரியை எதிர்ப் பக்கம் தள்ளி, சிலிண்டரை நிற்க வைத்துப் பட்டை கட்டியாயிற்று. படுத்த சிலிண்டரிலிருந்து வருவது ஆவி அல்ல, திரவம். அது ஏறக்குறைய 250 மடங்கு விரியும்.

தென் மாநிலங்களுக்கு எல்.பி.ஜி. சுமக்கும் டேங்கர் லாரிக்காரர்களுக்குத் தலைநகரம் நம் நாமக்கல். 2025 ஜனவரி 3ஆம் தேதி கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் டேங்கர் கவிழ்ந்தபோது தண்ணீரைப் பீய்ச்சியடித்து, பக்கத்துப் பள்ளிகளை மூடி, உயிர்ச்சேதம் இல்லாமல் காப்பாற்றினார்கள். டேங்கருக்கு விதி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. வண்டிக்குள் சமைக்கிற ஒற்றைச் சிலிண்டரை யார் பார்க்கிறார்கள்? 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

இந்த அடுப்பைக் கெடுத்தது அதன் வயது அல்ல. குளவியையும் கல் மாவையும் விட்டுவிட்டால், பெரும்பாலானவை குளிரில் மாட்டிய தவறான ரெகுலேட்டரிலும் ஓட்டத்தின் நடுக்கத்திலும் தொடங்கியவை. ரிக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: மழை விட்டு வண்டி கிளம்பும் முன், ஹேமரையும் டயரையும் பார்க்கிற கையோடு ரெகுலேட்டர், குழாய், பெட்டியின் அடித்துளை மூன்றையும் பாருங்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் எல்லோரையும் இறக்கிவிட்டு 1906க்கு அழையுங்கள். இந்தியா முழுக்க, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.