மிதிவண்டியில் எஞ்சின்: திருவிடந்தைக் கடலோரத்தில் ஒரு பொருத்து வேலை

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலால் அறியப்படும் திருவிடந்தையைச் சுற்றியுள்ள சைக்கிள் கடைகளிலும் இருசக்கர வாகனப் பட்டறைகளிலும், மிதிவண்டியில் எஞ்சின் பொருத்தும் வேலை இரு வேறு கைத்திறன்களை ஒரே இடத்தில் கோருகிறது. சக்கரத்தின் கோட்டம் எடுப்பவர் சைக்கிள் கடைக்காரர். பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்ப்பவர் மெக்கானிக். இவ்விருவருள் ஒருவரின் வேலை குறைபட்டாலும் வண்டி ஓடாது. ஓடினாலும் நெடுநாள் நிலைக்காது.

எஞ்சின் கிட் என்பது சிறிய எஞ்சின், கார்புரேட்டர், டேங்க், கிளட்ச் பிடி, செயின், பின்சக்கரப் பல்சக்கரம் முதலியவை ஒரே பெட்டியில் வரும் தொகுப்பாகும். பெரும்பாலும் இது டூ-ஸ்ட்ரோக் வகை, அதாவது அச்சு ஒருமுறை சுழலும்போதெல்லாம் ஒருமுறை எரியும் எஞ்சின். 80 சிசி என்று விற்கப்படுபவற்றுள் பலவற்றின் உண்மைக் கொள்ளளவு ஏறத்தாழ 66 சிசிதான். வண்டி நின்றுபோனால் உரிமையாளரின் சந்தேகம் முதலில் எஞ்சின்மேல் விழுகிறது என்றாலும், குற்றம் பெரும்பாலும் எஞ்சினைச் சட்டத்தோடும் சக்கரத்தோடும் இணைத்த இடங்களிலேயே இருக்கிறது.

இதற்குத் தெளிவான சான்று பின்சக்கரம். கிட்டுடன் வரும் பல்சக்கரத்தில் 9 துளைகள் உள்ளன. போக்ஸ் கம்பிகளின் இருபுறமும் ரப்பர் வட்டுகளை வைத்து, துளைகளின் வழியே போல்ட்டுகளைச் செலுத்தி இறுக்குவது அதன் முறை, அது 36 கம்பிகள் உள்ள சக்கரத்துக்கென வகுக்கப்பட்டது. நம் ஊரின் பழைய கறுப்பு சைக்கிளிலோ முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்பதே மரபான கணக்கு. 36 ஒன்பதால் வகுபடும், 40 வகுபடாது. கம்பிகளை ஒதுக்கி வளைத்து இறுக்கினால், பல்சக்கரம் மையம் விலகி, ஒவ்வொரு சுற்றிலும் செயின் ஒருபுறம் இறுகி மறுபுறம் தொய்ந்து, சில நாட்களில் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுபடத் தொடங்கும். தேர்ந்த கைவினைஞர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பல்சக்கரத்தின் விளிம்பருகே ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெல்லச் சுழற்றுகிறார். விளிம்பில் எங்கே வெள்ளைக் கோடு விழுகிறதோ அந்தப் பக்கத்துப் போல்ட்டையும் எதிர்ப்பக்கத்துப் போல்ட்டையும் சிறிது சிறிதாகச் சரிசெய்து, கோடு விளிம்பு முழுவதும் சீராக விழும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே 36 கம்பிச் சக்கரமாக மாற்றிக்கொள்வதே உண்மையான தீர்வு. 1946இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த வெலோசோலெக்ஸ் என்னும் எஞ்சின் மிதிவண்டி இந்தச் சிக்கலுக்கே இடம் தரவில்லை. அதன் எஞ்சின் முன்சக்கரத்துக்கு மேலே அமர்ந்து, ஓர் உருளையை டயரின்மீது அழுத்திச் சக்கரத்தைச் சுழற்றியது.

செயினிலும் இதே வகைத் தொல்லை உண்டு. பின்சக்கரத்தை இழுத்து வைத்துச் செயினை இறுக்குவது சைக்கிள் கடையின் வழக்கம். ஆனால் இங்கு வலப்புறம் மிதிச் செயினும் இடப்புறம் எஞ்சின் செயினும் இருப்பதால், ஒரே இழுப்பில் இரண்டும் சரியான இறுக்கம் பெறுவது அரிது. அதனால் எஞ்சின் செயினுக்குத் தனியாக ஓர் இறுக்கு உருளை பொருத்தப்படுகிறது. அதன் பிடி தளர்ந்து உருளை கம்பிகளுக்குள் சரிந்தால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். உயிருக்கே ஆபத்தான பழுது இது. செயினைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, உருளையின்மேல் விழும் சுமையைக் குறைப்பதே பாதுகாப்பு.

எஞ்சின் கிளம்பவில்லையெனில் நிறுத்து சுவிட்சின் கம்பிகளைப் பிரித்துவிட்டுப் பார்ப்பது முதல் படி. அப்போது பிளக்கில் பொறி வந்தால் குற்றம் சுவிட்சில் இருப்பது உறுதியாகிறது. உப்புக்காற்று இணைப்புகளில் பச்சைக் களிம்பை விரைவில் படியவைக்கும் இக்கடலோரத்தில் இச்சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. அடுத்து பிளக்கின் நிறம்: பழுப்பு நல்லது, எண்ணெய்ப் பசையுள்ள கறுப்பு பெட்ரோல் மிகுதியைக் காட்டும், வெளுப்பு காற்று மிகுதியைக் காட்டும். வெளுத்த பிளக்குடன் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் நின்றால், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு உண்டு என்று கொள்ளலாம். அதைக் கவனியாமல் ஓட்டினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இவ்வகை எஞ்சினுக்குத் தனி ஆயில் அறை இல்லாததால் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும். 25க்கு 1 என்னும் விகிதம் லிட்டருக்கு 40 மில்லி ஆகும், புதிய எஞ்சினுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்குமாகையால், கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் டேங்கில் விட்டுவைப்பது கடலோரத்தில் இன்னும் கெடுதல்.

பிரேக்கைப் பற்றி எவரும் கேட்பதில்லை என்பது வருந்தத்தக்கது. பழைய சைக்கிளின் கம்பி பிரேக் கீழ்க்குழாயை ஒட்டி ஓடுவதால் எஞ்சினோடு இடிக்கிறது. நனைந்த இரும்பு ரிம்மிலோ அது பிடிப்பதே இல்லை. ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50 மொபெட் 1980இல் வந்து நிலைபெற்றதற்குக் காரணம், எஞ்சினோடு சேர்த்தே சட்டத்தையும் சக்கரத்தையும் பிரேக்கையும் வடிவமைத்ததுதான்; பழைய இருசக்கர வாகன எஞ்சினைத் தூக்கி வைத்த சென்னை மீன்பாடி வண்டிகளிடம் இல்லாதது அந்த ஒருமைதான்.

சட்டமும் இங்கே இடைமறிக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், நான்குக்குக் குறைந்த சக்கரங்களும் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சினும் உள்ள வண்டியை மோட்டார் வாகனம் என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. 66 சிசி கிட் இவ்விலக்குக்குள் அடங்காது. ஆகவே பொதுச்சாலையில் ஓட்ட விரும்புவோர் பதிவெண் உள்ள மொபெட்டையோ, ஒப்புதல் பெற்ற மின்சார மிதிவண்டியையோ வாங்கிக்கொள்வதே தக்கது. கிட்டைப் பொருத்தியே தீருவேன் என்போர் தனியார் நிலத்துக்குள் மட்டும் ஓட்டட்டும், அதற்கும் முதலில் பின்சக்கரத்தையும் பிரேக்கையும் மாற்றட்டும்.